நாலு தொண்டு நிறுவனம், ஒரே ஊர்: யார் எதைச் செய்வது என்று எப்படி முடிவாகிறது?

செய்தித்தாளில் அந்தப் படத்தை அடிக்கடி பார்த்திருப்பீர்கள். நீளமான மேசை, நடுவில் பூங்கொத்து. இரண்டு பேர் ஆளுக்கொரு கோப்பைப் பிடித்தபடி கேமராவைப் பார்க்கிறார்கள், பின்னால் ஏழெட்டுப் பேர் கைதட்டுகிறார்கள். கீழே ஒரு வரி: “ஆட்சியர் முன்னிலையில் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது, இரு அமைப்புகளும் ஒருங்கிணைந்து செயல்படும்.”

இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர், இனி எல்லாம் தானாக நடந்துவிடும் என்று நினைக்கிறார்கள். மீதிப் பேர் “எல்லாம் போட்டோவுக்குத்தான்” என்று பக்கத்தைத் திருப்புகிறார்கள். இரண்டு முடிவுமே கொஞ்சம் அவசரம். அந்தத் தாளால் சில வேலைகள் ஆகும், சில வேலைகள் ஆகவே ஆகாது. எது எது என்று தெரிந்துகொள்ளச் சட்டப் படிப்பு வேண்டாம். ஒரு கல்யாண வீட்டில் ஓடியாடி வேலை பார்த்திருந்தால் போதும்.

கல்யாண வீட்டுக் கணக்கு

சமையல்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்து லிஸ்ட் வாங்கியிருப்போம். எத்தனை இலை, எத்தனை மணிக்கு முதல் பந்தி, பாக்கிப் பணம் எப்போது, எல்லாம் பேசியாயிற்று. எழுத்தில் இருக்கிறது, பணம் கைமாறியிருக்கிறது. சொதப்பினால் சண்டை போட நமக்கு உரிமை உண்டு.

பந்தியில் பரிமாற நிற்பது யார்? அதை யாரும் எழுதி வைப்பதில்லை. சித்தப்பா சாம்பார் வாளியைத் தூக்குவார். மாமா வீட்டுப் பையன்கள் தண்ணீர் ஊற்றுவார்கள். பெரியத்தை வாசலிலேயே நின்று, சாப்பிடாமல் கிளம்புகிறவர்களைப் பிடித்துத் திருப்பி அனுப்புவார். சித்தப்பா அன்றைக்கு வாளியைத் தூக்கவில்லை என்றால் அவர்மேல் வழக்கா போட முடியும்? அடுத்த விசேஷத்தில் ஒரு பேச்சு வரும், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு பேச்சுக்குப் பயந்தே பலர் வந்து நிற்கிறார்கள்.

எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றில் வாழையிலைக் கட்டு இரண்டு பங்கு வந்து இறங்கியது. ரயிலில் வந்த மாப்பிள்ளை வீட்டாரை அழைத்துவர ஒரு வண்டிகூடப் போகவில்லை. “நீங்க சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன் மச்சான்.” “அட, நீங்க சொல்லியிருப்பீங்கன்னுல்ல நான் நெனச்சேன்!” இரண்டு பேருமே பொறுப்பானவர்கள், இரண்டு பேருக்கும் நல்ல மனசு. அதில் எந்தக் குறையும் இல்லை.

நல்ல மனசுள்ள பலர் ஒரே காரியத்தில் இறங்கும்போது இந்த இரண்டு கோளாறும் வந்தே தீரும். ஒரு வேலையை இரண்டு பேர் செய்வார்கள், இன்னொரு வேலைக்கு ஆளே இருக்க மாட்டார். இந்த இரண்டும் நேராமல் முன்கூட்டியே பேசி வேலையைப் பிரித்துக்கொள்வதற்குத்தான் ஒருங்கிணைப்பு என்று பெயர். கூட்டம் போடுவது அதற்கான ஒரு வழி. கூட்டம் போட்டாலே ஒருங்கிணைப்பு ஆகிவிட்டது என்று நினைப்பது, பந்தல் போட்டாலே கல்யாணம் முடிந்துவிட்டது என்று நினைப்பது போல.

இதுவரை வந்தது இவ்வளவுதான். சமையல்காரரோடு போட்டது எழுத்து ஒப்பந்தம், சித்தப்பாவோடு இருப்பது மனமுவந்த ஒப்பந்தம். ஒரு கல்யாணத்துக்கு இரண்டும் வேண்டும்.

நாகப்பட்டினம், 2005 ஜனவரி

இனி நிஜமான ஓர் ஊருக்குப் போவோம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டில் இறந்தவர்கள் சுமார் 8,000 பேர். அதில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேல். ஒரு வாரத்துக்குள் நூற்றுக்கணக்கான அமைப்புகள் நாகைக்கு வந்து இறங்கின. வெளிநாட்டு நிறுவனங்கள், மடங்கள், தேவாலயங்கள், கல்லூரி மாணவர்கள், கம்பெனிகள் என்று எல்லாத் தரப்பும் வந்தது. பக்கத்து மாவட்டத்திலிருந்து ஒரு வேன் நிறையச் சோற்றுப் பொட்டலத்தோடு வந்தவர்களும் உண்டு.

சாலைக்குப் பக்கத்தில் இருந்த ஊர்களில் எல்லா வண்டியும் நின்றது. உள்ளே தள்ளி இருந்த ஊர்களுக்கு வண்டி வர நேரமானது. லாரி லாரியாகப் பழைய துணி வந்து, வாங்க ஆளில்லாமல் சாலை ஓரத்தில் குவிந்து கிடந்ததை அந்த நாட்களில் அங்கே போனவர்கள் இன்றும் சொல்வார்கள். மீனவக் குடும்பங்கள் அதுவரை தங்கள் உழைப்பில் சாப்பிட்டுக் கௌரவமாக வாழ்ந்தவர்கள். ஊரார் கழித்துப் போட்ட துணியை எடுத்து உடுத்த அவர்களுக்கு மனம் வரவில்லை. அனுப்பியவர்களில் யாரும் அவர்களிடம் கேட்டுவிட்டு அனுப்பவில்லை.

இந்த நிலையில் ஜனவரித் தொடக்கத்திலேயே ஒரு வேலை நடந்தது. கடற்கரையில் ஏற்கெனவே வருஷக்கணக்கில் வேலை செய்துவந்த இரண்டு அமைப்புகள், தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பான சிஃப்ஸும் நாகையைச் சேர்ந்த ஸ்நேகாவும், மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து ஆட்சியர் அலுவலகத்திலேயே ஓர் ஒருங்கிணைப்பு மையத்தைத் தொடங்கின. அப்போது நாகை ஆட்சியராகப் பொறுப்புக்கு வந்திருந்தவர் ஜெ. ராதாகிருஷ்ணன். அந்த மையம் பிறகு என்.சி.ஆர்.சி., அதாவது தொண்டு நிறுவனங்களின் ஒருங்கிணைப்பு, வள மையம் என்று அறியப்பட்டது.

வருகிற அமைப்புகள் அங்கே பதிவு செய்துகொண்டன. எந்த ஊரில் யார், என்ன வேலை செய்கிறார் என்று பட்டியல் தயாரானது. தங்குமிடம், குடிநீர், சுகாதாரம், குழந்தைகள், மீன்பிடித் தொழில் என்று வேலையை வகை பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கூட்டம் நடந்தது. இதைத் துறைவாரிக் கூட்டம் என்பார்கள். பின்னாளில் ஊர்களிலேயே தகவல் மையங்களும் வந்தன.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்த மையத்துக்கு யாரையும் தடுக்கும் அதிகாரம் கிடையாது. “இந்த ஊருக்கு நீ போகாதே” என்று ஒரு வெளிநாட்டு நிறுவனத்தை அது தடுத்துவிட முடியாது. பிறகு ஏன் எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள்? ஊர் ஊரான விவரம் அங்கேதான் இருந்தது. ஆட்சியர் அலுவலகத்துக்குள்ளேயே இருந்ததால் அரசிடம் பேசுவதற்கும் அது வழியாக இருந்தது. வந்தவர்களுக்கு அங்கே போவதில் லாபம் இருந்தது, அதனால் போனார்கள். மனமுவந்த ஒப்பந்தங்கள் நீடிப்பது பெரும்பாலும் இந்த ஒரு காரணத்தால்தான்.

எழுத்து ஒப்பந்தம்: அரசாணையும் கையெழுத்தும்

சோறு, துணிக்குப் பட்டியல் போதும். வீடு கட்டுவதற்கு அது போதாது. நிலம் யாருடையது, வீட்டின் அளவு என்ன, யாருக்குக் கொடுப்பது, பாதியில் நிறுத்திவிட்டுப் போய்விட்டால் என்ன செய்வது? இதற்கெல்லாம் கையெழுத்து வேண்டும்.

தமிழ்நாடு அரசு 2005 ஜனவரியிலேயே இதற்கு அரசாணை போட்டது. அரசாணை என்றால், ஒரு விஷயத்தில் அரசின் முடிவு இதுதான் என்று தன் அதிகாரிகளுக்கும் மற்றவர்களுக்கும் எழுத்தில் சொல்வது. வீடு கட்ட முன்வரும் தொண்டு நிறுவனங்களும் கம்பெனிகளும் சுமார் 50 வீடாவது கட்டித்தரும் சக்தி உள்ளவர்களாக இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. ஒரு வீட்டுக்கான கணக்கு சுமார் ஒன்றரை லட்சம் ரூபாய். நிலம் அரசு தரும், கட்டுவது நிறுவனம். இதற்கு நிறுவனமும் மாவட்ட ஆட்சியரும் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டுக்கொள்வார்கள்.

சரி, புரிந்துணர்வு ஒப்பந்தம் என்றால் என்ன? நீங்கள் இதைச் செய்யுங்கள், நாங்கள் அதைச் செய்கிறோம் என்று இரு தரப்பும் தங்கள் எண்ணத்தை எழுதிக் கையெழுத்திடும் தாள். பலரும் குழம்புவது இங்கேதான். “கையெழுத்துப் போட்டாச்சு, இனி கோர்ட்டுக்குப் போனாலும் செல்லும்” என்கிறார் ஒருவர். “அது வெறும் புரிந்துணர்வு, சட்டத்தில் செல்லாது” என்கிறார் இன்னொருவர். தலைப்பை மட்டும் பார்த்து இரண்டையுமே சொல்ல முடியாது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, சட்டத்தால் நிறைவேற்றக்கூடிய உடன்பாடுதான் ஒப்பந்தம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது, ஒரு தரப்பு கொடுப்பதற்கு ஈடாக மறு தரப்பு என்ன கொடுக்கிறது, சட்டப்படி கட்டுப்பட வேண்டும் என்ற எண்ணம் இருந்ததா என்றெல்லாம் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். “இயன்ற அளவில் ஒத்துழைப்போம்” என்று மட்டும் எழுதியிருந்தால், தலைப்பில் எவ்வளவு பெரிய எழுத்து இருந்தாலும் பிடித்து நிறுத்த அதில் ஒன்றும் இல்லை. “அரசு ஒப்படைக்கும் நிலத்தில் இந்த அளவில் இத்தனை வீட்டை இந்தத் தேதிக்குள் கட்டித் தருவோம்” என்று இருந்தால் கதை வேறு.

எழுத்து ஒப்பந்தத்தில் இன்னொரு வகை மானிய ஒப்பந்தம். அரசோ ஓர் அறக்கட்டளையோ பணம் கொடுக்கும், நிறுவனம் வேலை செய்யும், செலவுக்குக் கணக்கு காட்டும். இந்தப் பணத்தை இதற்குத்தான் செலவழித்தோம் என்று தரும் பயன்பாட்டுச் சான்றிதழுக்குத் தொண்டு நிறுவன அலுவலகங்களில் ‘யூசி’ என்று பெயர். மார்ச் மாதத்தில் அங்கே போனால் வேறு பேச்சே காதில் விழாது.

எல்லாவற்றுக்கும் மேலே சட்டம் இருக்கிறது. பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்ததும் அதே 2005-இல்தான், டிசம்பரில். அதன்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஆட்சியர் தலைமையில் ஓர் ஆணையம் உண்டு. தொண்டு நிறுவனங்களை ஒருங்கிணைப்பதும் அரசின் வேலைகளில் ஒன்று என்று அதற்குப் பிறகு சட்டப் புத்தகத்திலேயே எழுதப்பட்டுவிட்டது. ஆட்சியர் மாறினாலும் அந்தப் பொறுப்பு நாற்காலியோடு இருக்கும்.

சுருக்கமாகச் சொன்னால்: சட்டம், அரசாணை, மானிய ஒப்பந்தம், புரிந்துணர்வு ஒப்பந்தம் என்று எழுத்தில் பல படிகள் உண்டு. மேல்படிக்கு வலு அதிகம். கீழே இறங்க இறங்க, உள்ளே எழுதியிருக்கும் வரிகளைப் பொறுத்தது.

மனமுவந்த ஒப்பந்தம்: யாரும் கட்டாயப்படுத்தாத விதிகள்

எழுத்தில் இருப்பதெல்லாம் கட்டாயம், எழுதாததெல்லாம் மனமுவந்தது என்று இந்த இடத்தில் பலர் பிரித்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. உலகம் முழுக்கத் தொண்டு நிறுவனங்கள் மதிக்கிற இரண்டு விதித் தொகுப்புகள் அச்சில் இருக்கின்றன, ஆனால் எந்த நீதிமன்றமும் அவற்றை அமல்படுத்தாது.

முதலாவது, செஞ்சிலுவை இயக்கமும் பேரிடர் நிவாரணத்தில் இருக்கும் தொண்டு நிறுவனங்களும் 1994-இல் வகுத்த நடத்தை நெறி. நடத்தை நெறி என்றால், எங்கள் தொழிலில் நாங்கள் இப்படித்தான் நடந்துகொள்வோம் என்று தாங்களாகவே ஏற்றுக்கொள்ளும் கட்டுப்பாடு. மொத்தம் பத்து அம்சம். உதவி மதம், இனம் பார்த்துக் கொடுக்கப்படாது, உதவி பெறுபவரைப் பரிதாபப் பொருளாகக் காட்டாமல் கண்ணியமான மனிதராகக் காட்டுவோம் என்றெல்லாம் போகும்.

இரண்டாவது, 1997-இல் தொடங்கிய ஸ்ஃபியர். இது குறைந்தபட்ச அளவுகளைச் சொல்கிறது: ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் தண்ணீர், கூரையின் கீழ் 3.5 சதுர மீட்டர் இடம், 20 பேருக்கு ஒரு கழிப்பறை. மூன்றரை சதுர மீட்டர் என்றால் ஒரு பாய் விரித்துப் படுத்து, பக்கத்தில் பெட்டியை வைக்கிற இடம். சொகுசு என்று சொல்ல முடியாது.

கட்டாயம் இல்லாத எண்ணால் என்ன பயன்? கூட்டத்தில் பயன்படும். ஒரு நிறுவனம் தார் ஷீட் கூரை போட்ட சின்னக் கொட்டகையைக் காட்டி “இதுவே போதும்” என்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாகையில் தற்காலிகக் குடியிருப்புகளின் தார் ஷீட் வெயிலில் காய்ந்து உள்ளே இருக்கவே முடியாமல் போனது பலருக்கும் நினைவிருக்கும். “போதாது” என்று சொல்ல எதிரில் இருப்பவருக்கு ஓர் அளவுகோல் வேண்டாமா? அது கையில் இல்லாவிட்டால், உன் கருத்து உனக்கு, என் கருத்து எனக்கு என்று பேச்சு முடிந்துவிடும். நீங்களும் ஏற்றுக்கொண்ட அளவுகோல்தானே என்று எடுத்துக் காட்டும்போது எதிராளிக்குக் கொஞ்சம் கூச்சம் வரும். சித்தப்பாவை வாளி தூக்க வைத்த அதே கூச்சம்.

பணம் அதிகமானால் பேச்சு குறையும்

ஒருங்கிணைப்பு சரியில்லை என்றால் பணப் பற்றாக்குறைதான் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். சுனாமியில் நடந்தது நேர்மாறு. பாதிக்கப்பட்ட எல்லா நாடுகளுக்கும் சேர்த்து உலகம் கொடுத்ததும் வாக்களித்ததும் சுமார் 1,350 கோடி டாலர். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனியாகப் பணம் வந்தது. கொடுத்தவர்கள் கேட்பது ஒரே கேள்வி: “எங்கள் பணத்தில் என்ன செய்தீர்கள், படம் அனுப்புங்கள்.” படத்தில் நன்றாகத் தெரிவது படகு. கலர் அடித்து, கொடுத்தவர் பெயரும் எழுதிய படகு.

விளைவு, கட்டுமரம் வைத்திருந்த இடத்தில் ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன. பல இடங்களில் சுனாமிக்கு முன் இருந்ததைவிடப் படகு எண்ணிக்கை கூடியது. முன்பு அடுத்தவர் படகில் கூலிக்குப் போனவர்கள் சொந்தப் படகுக்காரர் ஆனார்கள். அதில் ஒரு நியாயம் உண்டு. ஆனால் படகில் போக ஆள் கிடைப்பது கஷ்டமானது, கடலில் இருக்கும் மீனும் கூடிவிடவில்லை. துறைவாரிக் கூட்டத்தில் “படகு போதும்” என்று எச்சரித்தவர்கள் இருந்தார்கள். அதைக் கேட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. மனமுவந்த ஒப்பந்தம் போய் முட்டி நிற்கிற சுவர் அதுதான்.

எழுத்து ஒப்பந்தத்துக்கும் ஒரு சுவர் உண்டு. கையெழுத்துப் போடுகிறவர்கள் எல்லோரும் மேசையில் இருக்கிறார்கள். யாருக்காக ஒப்பந்தமோ அவர்கள் இருப்பதில்லை. நாகைக் கடற்கரையில் மீனவர்களுக்காவது ஊர்ப் பஞ்சாயத்து என்ற பலமான ஏற்பாடு இருந்தது, அதன் வழியாக அவர்கள் பேச முடிந்தது. அதே கடற்கரையில் மீன்பிடிக்காத தலித் குடும்பங்களும் விவசாயக் கூலிகளும் இருந்தார்கள். அவர்கள் சார்பில் பேச அந்தப் பஞ்சாயத்தில் ஆள் இல்லை. நிவாரணத்தில் அவர்கள் பின்னால் தள்ளப்பட்டார்கள் என்பது அப்போதே எழுந்த குற்றச்சாட்டு. பஞ்சாயத்தோடு மட்டும் பேசிவிட்டு “சமூகத்தோடு கலந்து பேசினோம்” என்று அறிக்கை எழுதிய நிறுவனங்களைத்தான் நான் முதலில் குறை சொல்வேன்.

ஐக்கிய நாடுகள் அமைப்பு இதிலிருந்தும் வேறு நெருக்கடிகளிலிருந்தும் பாடம் கற்று, 2005-இலேயே ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. தங்குமிடம், தண்ணீர், சுகாதாரம் என்று ஒவ்வொரு துறைக்கும் ஒரு முன்னணி அமைப்பு இருக்கும். முன்னணி அமைப்பு என்றால், அந்தத் துறையில் எங்காவது வேலை விடுபட்டுப் போனால் பதில் சொல்ல வேண்டியவர். அதே ஆண்டு அக்டோபரில் பாகிஸ்தான் நிலநடுக்கத்தில் முதல் முறையாக அதை முயன்று பார்த்தார்கள். இன்றும் அந்தக் கூட்டங்களில் முதலில் திறக்கும் தாள் ஒரு சின்ன அட்டவணைதான்: யார், என்ன, எங்கே.

ஒரு பிள்ளை, பல கதவுகள்

பேரிடர் தினமும் வருவதில்லை. ஒருங்கிணைப்பு தினமும் தேவைப்படும் இடம் ஒன்றைப் பார்ப்போம். இது கற்பனைதான், ஆனால் நடைமுறை உண்மையானது.

இரவு பத்தரை மணி. ஒரு ரயில் நிலையத்தின் கடைசி நடைமேடையில் பதிமூன்று வயதுப் பெண் பிள்ளை ஒரு பையைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாள். பேசுவது ஒடியா. டீக்கடைக்காரர் அரை மணி நேரமாகக் கவனித்துவிட்டு ரயில்வே பாதுகாப்புப் படை ஆளிடம் சொல்கிறார். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைப்பு போகிறது.

இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன்படி, பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் அவளைக் குழந்தைகள் நலக் குழு முன் கொண்டுபோக வேண்டும். தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட அந்தக் குழுவுக்கு நடுவர் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் உண்டு. எந்த இல்லத்தில் தங்க வைப்பது, குடும்பத்தை எப்படித் தேடுவது என்று அவர்கள் ஆணை போடுவார்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு அவளுடைய குடும்ப நிலையை விசாரித்து அறிக்கை தரும். தனக்குப் பாலியல் கொடுமை நடந்தது என்று அவள் சொன்னால், கேட்டவர் யாராக இருந்தாலும் போக்சோ சட்டப்படி புகார் தெரிவித்தே ஆக வேண்டும். இதெல்லாம் சட்டம் வைத்த கதவுகள்.

ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு ஒடியா தெரிந்த ஒரு பெண் எங்கே கிடைப்பார்? அதைச் சட்டம் சொல்லாது. வெளிமாநிலத் தொழிலாளர்களுக்காக வேலை செய்யும் ஒரு சின்ன அமைப்பில் அப்படி ஒருவர் இருக்கிறார். “எத்தனை மணிக்கானாலும் கூப்பிடுங்கக்கா, நான் பேசிக்கறேன்” என்று இல்லக் கண்காணிப்பாளரிடம் எப்போதோ சொல்லி வைத்திருக்கிறார். எந்தக் கோப்பிலும் இல்லாத ஒப்பந்தம் அது. அரசு மருத்துவமனையில் இந்தப் பிள்ளைகளை ஓபி வரிசையில் காக்க வைக்காமல் நேரே உள்ளே அனுப்பும் நர்ஸம்மாவும் அப்படித்தான்.

இங்கே ஒரு சொல்லைத் தெரிந்துகொள்ள வேண்டும்: ரெஃபரல். ஓர் அமைப்பு தன்னால் முடியாததை, முடிகிற இன்னோர் அமைப்பிடம் ஒப்படைப்பது. ஒரு துண்டுச் சீட்டில் முகவரி எழுதிக் கொடுத்துவிட்டு “அங்கே போங்க” என்பதையும் ரெஃபரல் என்றே பலர் கணக்கில் எழுதுகிறார்கள். போய்ச் சேர்ந்தாளா, அங்கே எடுத்துக்கொண்டார்களா, என்ன ஆயிற்று என்று திரும்பக் கேட்டு எழுதிக்கொண்டால்தான் அது முடிந்த கணக்கு. வெள்ளக் காலத்தில் வரும் வாட்ஸ்அப் செய்தியும் இதே நோய்தான். “இந்தத் தெருவில் 200 பேருக்குச் சாப்பாடு அவசரம்” என்ற செய்தி, சாப்பாடு வந்து எல்லோரும் தின்றுவிட்டுத் தூங்கிய மறுநாளும் சுற்றிக்கொண்டே இருக்கும். தேவை முடிந்தது என்று சொல்வது யார் பொறுப்பு என்று முதலிலேயே பேசவில்லை.

அப்புறம், எல்லாத் தகவலையும் எல்லோரிடமும் பகிர்வதுதான் நல்ல ஒருங்கிணைப்பு என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அந்தப் பிள்ளையின் படத்தை எடுத்து, “பெற்றோரைக் கண்டுபிடிக்க உதவுங்கள்” என்று குழுக்களில் போடுவது இந்த நினைப்பில்தான். குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். எதைப் பகிர்வது என்பதோடு எதைப் பகிரக் கூடாது என்பதையும் ஒப்பந்தம் சொல்ல வேண்டும்.

1098-இன் கதையே இந்தக் கட்டுரைக்கு நல்ல உதாரணம். 1996-இல் மும்பையில் சிறிய முயற்சியாகத் தொடங்கி, அரசும் தொண்டு நிறுவனங்களும் ஒப்பந்தம் போட்டு நாடு முழுக்கப் பரவியது. பல ஊர்களில் அந்த அழைப்புக்கு ஓடியவர்கள் தொண்டு நிறுவன ஊழியர்கள். 2023 முதல் அரசே அதை நேரடியாக நடத்தத் தொடங்கி, 112 அவசர எண்ணோடும் இணைத்தது. எண் அதேதான், போனை எடுப்பவர்கள் மாறினார்கள். மானிய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காவிட்டால் வேலை அடுத்தவர் கைக்குப் போகும். ராத்திரியில் ஒடியா பேச வரும் அந்தப் பெண்ணின் தொலைபேசி எண் கோப்போடு சேர்ந்து போகுமா என்பது வேறு கேள்வி.

இந்தப் பகுதியின் சாரம்: சட்டம் கதவுகளை வரிசையாக வைக்கிறது. ஒரு கதவிலிருந்து அடுத்த கதவுக்குக் கையைப் பிடித்து அழைத்துப் போவது பெரும்பாலும் மனமுவந்த ஏற்பாடுகள்தான்.

அந்தத் தாளைக் கையில் வாங்கினால்

உங்கள் ஊர் இளைஞர் மன்றமோ, குடியிருப்போர் சங்கமோ ஒரு தொண்டு நிறுவனத்தோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போடப் போகிறது என்று வையுங்கள். முதல் பக்கத்தில் இருக்கும் “சமூக மேம்பாட்டில் கூட்டாகப் பயணிக்க” வகை வரிகளை வேகமாகத் தாண்டிவிடலாம். அங்கே ஒன்றும் இல்லை.

‘இரு தரப்பும்’ என்று தொடங்கும் வரிகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள். “இரு தரப்பும் இடத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும்” என்றால் யாரும் கூட்டப் போவதில்லை. ஒரு வேலைக்கு ஒரு பெயர் இருக்க வேண்டும். அடுத்து, ஊர் எல்லை. “சுற்றுவட்டாரப் பகுதிகள்” என்று இருந்தால், எந்தத் தெரு வரை என்று கேட்டு எழுத வையுங்கள். விடுபடுவது எப்போதும் கடைசித் தெருதான்.

பணம் எந்த வழியாக வருகிறது என்பதையும் பாருங்கள். இதில் புதியவர்களுக்குத் தெரியாத ஒரு சிக்கல் உண்டு. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, வெளிநாட்டுப் பணம் வாங்கும் நிறுவனம் அதை இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுக்க முடியாது. முன்பெல்லாம் பெரிய நிறுவனம் பணத்தை வாங்கி, ஊரில் இருக்கும் பத்துச் சின்ன அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுத்து வேலை வாங்கும். அந்த வழி இப்போது அடைபட்டிருக்கிறது. “நிதி எங்களுடையது, களப்பணி உங்களுடையது” என்று யாராவது எழுதிக் கொண்டுவந்தால், அந்த நிதி எங்கிருந்து வருகிறது என்று கேட்பதில் தப்பே இல்லை.

கடைசிப் பக்கத்தை மட்டும் நிதானமாகப் படியுங்கள். “எந்தத் தரப்பும் 30 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து விலகலாம்” என்று ஒரு வரி அநேகமாக எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும். முன்னறிவிப்பு யாருக்கு? கையெழுத்துப் போட்ட மற்றவருக்கு. அந்த ஒப்பந்தத்தில் நடக்கும் மருத்துவ முகாமுக்குச் செவ்வாய்க்கிழமை தோறும் சர்க்கரை மாத்திரை வாங்க வரும் பாட்டிக்கு இல்லை. அவர் வழக்கம்போல மஞ்சப்பையோடு வந்து, பூட்டிய கதவுக்கு முன் உட்கார்ந்து, பக்கத்துக் கடைக்காரரிடம் “இன்னிக்கு டாக்டரம்மா வரலையாப்பா?” என்று கேட்டுக்கொண்டிருப்பார். அவருடைய மருத்துவச் சீட்டு உள்ளே ஏதோ ஒரு பீரோவில் இருக்கும்.

நான் படித்த ஒப்பந்தங்களில் ஒன்றே ஒன்றில் இதற்கு ஒரு வரி எழுதியிருந்தார்கள். முகாமை நிறுத்துவதற்கு இரண்டு மாதம் முன்பே வருகிறவர்களிடம் நேரில் சொல்ல வேண்டும், சீட்டுகளை அவரவர் கையில் கொடுத்துவிட வேண்டும், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு முறையாவது கூடப் போய்க் காட்டிவிட்டு வர வேண்டும். கூடப் போக வேண்டியவரின் பதவியும் அடைப்புக்குறிக்குள் இருந்தது: கிராம சுகாதாரப் பணியாளர். அந்த வரியைச் சேர்க்கச் சொன்னது யார் என்று விசாரித்தேன். அதே பணியாளர்தானாம்.